களிம்பும் சுருக்கமும்

கேள்வி: முகச் சுருக்கத்தைப் போக்குமாமே, 4,000 ரூபாய் கிரீம்; வாங்கலாமா?

பதில்: முகத்தின் சுருக்கம் விலகுமோ என்னமோ, தங்கள் சுருக்குப்பை நிச்சயம் அவிழும். கொலாஜன் அடங்கியதென்று பெட்டியின்மேல் பொன்னெழுத்தில் பொறித்திருப்பினும், அப்புரதத்தின் மூலக்கூறு சருமத்தின் மேற்படலத்தைக் கடக்கவொண்ணாத ஸ்தூல சரீரமுடையதாகையால், வாசலோடு நின்றுவிடும் விருந்தாளியாகவே அது காலங்கழிக்கிறது. ஈரப்பசையால் சில மணி நேரம் ரேகைகள் மங்கித் தோன்றுவது வாஸ்தவமே. அவ்வுபகாரத்தை மலிவான வாசலினும் செய்யும். 1995-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற டிரெட்டினாயின் களிம்பு, மெல்லிய ரேகைகளை ஓரளவு குறைக்க வல்லது. ஆயினும் வைத்தியர் சீட்டின்றி அதைத் தொடலாகாது, கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது. சருமத்தை அகாலத்தில் முதிர்விக்கும் பிரதானக் குற்றவாளி சூரிய பகவானாகையால், நல்ல குடையொன்று வாங்குங்கள், மழைக்கும் உதவும்.