பெட்டிசம் எழுதின மருமோனுக்கு

வா மோனை, இரு. முகத்தைப் பாக்கவே விளங்குது, காருக்கு மஞ்சள் பையில பார்க்கிங் தண்டத் துண்டு ஒட்டினவனை வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். திட்டு, நல்லாத் திட்டு. அவன் இப்ப அடுத்த தெருவில இன்னொருத்தனுக்கு ஒட்டிக்கொண்டு நிப்பான். அவனுக்கு ஒண்டும் கேக்காது.

எங்கை, உன்ரை பெட்டிசத்தைக் காட்டு பாப்பம். அடேயப்பா, மூண்டு பக்கம்! முதல் பக்கத்தில நீ பிந்தாமல் கவுன்சில் வரி கட்டுற கதை. ரெண்டாம் பக்கத்தில கோயிலில சனம், ஐயர் பூசையை நீட்டிப்போட்டார். மூண்டாம் பக்கத்தில கவுன்சில்காரர் எல்லாரும் கள்ளர். நல்ல எழுத்து, குறை சொல்லேலாது. ஆனா உதைக் கவுன்சிலுக்கு அனுப்பாதை. ஊருக்கு, கொம்மாவுக்கு அனுப்பு. அவள் அழுதழுது வாசிப்பாள்.

நான் பருத்தித்துறைக் கோட்டில ஒரு பூவரசங் கதியாலுக்காக வழக்காடின மனுசன். நான் வளவு அளந்த படத்தைக் கொண்டுபோனனான். எதிராளி தன்ரை நல்ல குணத்தைக் கொண்டுவந்தான். ஆர் வெண்டது எண்டு நீயே யோசி.

முதல்ல துண்டை வடிவாப் படி. கவுன்சில் குடுத்ததோ, கடை வளவுக்குக் காவல் நிக்கிற தனியார் கொம்பனி குடுத்ததோ? ரெண்டு பேரும் துண்டில பிசிஎன் எண்டுதான் அடிப்பினம். கொம்பனியின்ரை எண்டால் அதுக்கு வேறை பாதை. உன்ரை துண்டு கவுன்சிலின்ரை, 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்துக்குக் கீழ வந்தது. துண்டில 12 எண்டு ஒரு இலக்கம் கிடக்கு. குடியிருப்பாளருக்கு எண்டு ஒதுக்கின இடத்தில, செல்லுபடியான பேர்மிற்றோ வவுச்சரோ தெரியாமல் கார் நிண்டதாம். பேர்மிற் இருந்தும் அது காலாவதி எண்டால் 19 போடுவினம், அதுக்குக் காசு குறைவு. 12க்கு லண்டனில 160 பவுண் வரை போகும். 14 நாளுக்குள்ள கட்டினால் அரைவாசி.

பொறு, மூண்டாம் பக்கத்தின்ரை அடியில என்ன எழுதியிருக்கிறாய்? "மச்சாள் தந்த விசிட்டர் வவுச்சரும் உள்ளுக்குக் கிடந்தது." அட விசரா! உதுதானே வழக்கு! அரிசியைச் சாக்கின்ரை அடியில போட்டு, உமியை மேல நிரப்பி வைச்சிருக்கிறாய்.

வவுச்சர் எங்கை? குடு. மாதம், திகதி, நேரம் எல்லாம் காசாலை சுரண்டியிருக்கிறாய். ஆச்சரியம், ஒண்டும் பிழையில்லை. இனி அந்தப் போனை எடு. துண்டின்ரை இலக்கத்தையும் கார் இலக்கத்தையும் கவுன்சிலின்ரை இணையத்தில போட்டால் வார்டன் எடுத்த படம் வரும். பார், கண்ணாடிக்கு அடியில நீலமா ஒரு மூலை தெரியுது. கதவை நீ அறைஞ்சு சாத்தினதில வவுச்சர் சறுக்கிக் கவிண்டு போச்சு. அவன் எடுத்த படமே உனக்குச் சாட்சி சொல்லுது. நீ ஐயரைச் சாட்சிக்குக் கூப்பிடுறாய்.

பின்னேரம் அந்தத் தெருவுக்கு ஒருக்காப் போய் பலகையளையும் படம் எடு. காருக்குப் பக்கத்தில இருக்கிறதும் வேணும், தெரு தொடங்கிற இடத்தில இருக்கிறதும் வேணும். சில தெருவில வாசலில மட்டும் பலகை வைச்சு, இதுக்கு அங்காலை பேர்மிற்காரருக்கு மட்டும் எண்டு விட்டிடுவினம். வெம்பிளிப் பக்கத்தில மைதானத்தில ஆட்டம் இருக்கிற நாளுக்கு எண்டே தனிக் கட்டுப்பாடு இருக்கு. மரக்கிளை பலகையை மறைச்சு நிண்டால் அதையும் எடு. மரம் வெட்டாதது உன்ரை குற்றமில்லை.

இனிக் காசுக் கதை. கட்டிப்போட்டுப் பேசுவம் எண்டு நினையாதை, கட்டினால் வழக்கு அதோடை முடிஞ்சுது. 14 நாளுக்குள்ள எழுது. மாட்டன் எண்டு மறுமொழி வந்தாலும், அரைவாசி விலைக்குத் திரும்ப 14 நாள் குடுக்கிறதை யோசிக்கச் சொல்லி அரசாங்க வழிகாட்டல் இருக்கு. அதுக்குப் பிறகும் விடமாட்டன் எண்டால், காரின்ரை சொந்தக்காரன் பேருக்கு நோட்டிஸ் வரும். அதுக்கு 28 நாளுக்குள்ள முறைப்படி எழுது. அவை 56 நாளுக்குள்ள மறுமொழி தராட்டி உன்ரை பக்கம் தீர்ந்தமாதிரித்தான். மறுத்தால் லண்டன் ட்ரிபியூனல்ஸ். ஒரு சதம் செலவில்லை, அப்புக்காத்தும் தேவையில்லை, ஆனா அரைவாசிச் சலுகை அங்கை கிடையாது. அங்கை இருக்கிற நடுவர் சட்டம் தெரிஞ்ச ஆள், கவுன்சிலின்ரை ஆள் இல்லை. ஆனா பரிதாபக் கதை கேட்டு ரத்துச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. கவுன்சிலுக்குச் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். அதால இரக்கம் கேக்கிறதெண்டால் கவுன்சிலிட்டைக் கேள், மேல போனால் சட்டத்தைக் கதை. நீ வழமைபோல தலைகீழாச் செய்வாய் எண்டுதான் இவ்வளவும் சொல்லுறன்.

ஓம், லொக் புக்கில புது வீட்டு விலாசம் மாத்தினனியோ? ஏன் முழிக்கிறாய்? நோட்டிஸ் பழைய வீட்டு வாசலில கிடக்கும். நீ பாக்காமல் இருக்க, காசு அரைப் பங்கு கூடும். பேந்து நோர்தாம்டன் கோட்டில கடனாப் பதிவினம். பேந்து காரைத் தூக்க வாசலில ஆள் வருவான். அவனுக்கும் நீ மூண்டு பக்கம் எழுதிக் குடுப்பாய்.

வவுச்சரே இல்லாமல் நிண்டனீ எண்டால், வாயை மூடிக்கொண்டு அரைவாசியைக் கட்டு எண்டு சொல்லியிருப்பன். சரியான பலகைக்குக் கீழ பிழையா நிண்டுட்டு நியாயம் பேசுறது எங்கடை ஆக்களுக்குக் கைவந்த கலை. நீ அப்பிடியில்லை, அருமையா இந்த ஒருக்கால் உன்னிலை நியாயம் கிடக்கு.

இப்ப எழுது, நான் சொல்லுறன். துண்டு இலக்கம், கார் இலக்கம், நாள், நேரம். மச்சாள் வீட்டு முகவரிக்கு வந்த விருந்தாளி நான், செல்லுபடியான வவுச்சர் காருக்குள்ள இருந்தது, சறுக்கிக் கவிண்டது, உங்கடை படத்திலயே மூலை தெரியுது. வவுச்சரின்ரை ரெண்டு பக்கமும் படம் இணைச்சிருக்கிறன், தயவுசெய்து ரத்துச் செய்யுங்கோ. போதும். கோயில் வேண்டாம், கள்ளரும் வேண்டாம். வவுச்சரை எறியாமல் வைச்சிரு. 14 நாள் இன்னும் முடியேல்லை, இண்டைக்கே அனுப்பு.