இரவல் மோட்டார் சைக்கிள்: எலுவன்குளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிறர் மனத்தைத் தன் வழிக்குத் திருப்பும் கலையைப் பற்றி அர்த்தசாஸ்திரக்காரர் தொடங்கி அமெரிக்கப் பேராசிரியர்கள் வரை எழுதாதவர் இல்லை. ஆனால் அத்தனை பேரும் அரசனை வளைப்பது, வாக்காளனை வளைப்பது, சவர்க்காரம் விற்பது என்று பெரிய இடத்துச் சங்கதிகளோடு நின்றுவிட்டார்கள். அடுத்த வீட்டு மோட்டார் சைக்கிளை அரை நாளுக்கு இரவல் வாங்குவது எப்படி என்ற வினாவை அறிஞர் உலகம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

ஆய்வுக்களம் எலுவன்குளம். புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு தாண்டி வடக்கே போகும் பழைய மன்னார் வீதியில், கலா ஓயாவுக்கு இந்தப் பக்கம் இருப்பது. ஓயாவைக் கடந்தால் 1938இல் தேசிய பூங்காவான வில்பத்துக் காடு. மேற்கே ஓயா களப்பில் விழும் இடத்தில் கண்டல் காடும் கங்கேவாடிய மீனவர்களும். பெரிய ஆஸ்பத்திரி, கோடு, நல்ல சீலைக்கடை எல்லாம் புத்தளத்தில்தான். பஸ்ஸோ தன் நேரத்துக்கு வரும், தன் நேரத்துக்குப் போகும். ஆகவே பைக் உள்ளவர், இல்லாதவர் என்று ஊர் இரண்டாகப் பிரிகிறது. முன்னவரிடம் இருப்பதை அரசியல் நூலார் அதிகாரம் என்பர். ஊரார் சாவி என்பர்.

முதல் விதி: பைக் வேண்டும் என்று வருபவர் பைக்கைப் பற்றிப் பேசமாட்டார். இது எவ்விடத்தும் பிறழாதது என்க. ஒரு காட்சியைக் கிட்ட நின்று பார்ப்போம். விடிந்து கொஞ்ச நேரம். பைக்காரர் முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார். வேலியோரம் ஓர் இளைஞன், சலவைச் சட்டை, தலையில் எண்ணெய்.

“அண்ணன், சொகமா இருக்கீங்களா?”

“ம்ம்.”

“ஹெல்மெட் ஒன்னு இருக்கா?”

அண்ணன் எச்சில் துப்பிவிட்டு அவனைப் பார்க்கிறார். ஹெல்மெட்டை மட்டும் தலையில் கவிழ்த்துக்கொண்டு யாரும் புத்தளம் போனதில்லை. இருந்தும் “உள்ளுக்கு ஆணியில தொங்குது, எடு தம்பி” என்கிறார். அந்த ஆணிக்கு அடுத்த ஆணியில்தான் சாவி தொங்குகிறது.

1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் இதையே சோதித்தார்கள். “கவனமாக ஓட்டுக” என்ற பெரிய அவலட்சணமான பலகையை உங்கள் முற்றத்தில் நட்டுக்கொள்ளலாமா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். நேரே கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேரளவே சம்மதித்தார்கள். சாரத்தியம் பற்றிய ஒரு சின்ன அட்டையை முன்பே ஒட்டிக்கொள்ள இசைந்தவர்களிடம் கேட்டபோது 76 பேர் தலையாட்டினார்கள். அட்டை நமக்கு ஹெல்மெட். கலிஃபோர்னியா வரை போனவர்கள் வண்ணாத்திவில்லுச் சந்தியில் ஒரு பிளேன்டீக்கு உட்கார்ந்திருந்தால் செலவு மிச்சம்.

இரண்டாம் நெறி, அகலக் கேட்டு ஒடுக்கி வாங்கல். “கொழும்புக்குப் போய் நாளண்டைக்கு வந்துடுவன், பைக்க எடுக்கட்டா?” பைக்காரர் முகம் கறுக்கிறது. “சரி, அது வேணாம். வண்ணாத்திவில்லு வரைக்குமாவது?” கறுத்த முகம் வெளுத்து, ஏதோ பெரிய ஆபத்து நீங்கியதுபோல் சாவி கைமாறுகிறது. 1975இல் சால்டினி குழுவினர் இதையும் கண்டுபிடித்தார்கள். குற்றம் புரிந்த சிறுவர்களுக்கு இரண்டு ஆண்டு ஆலோசனை சொல்ல வரவேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டு, மறுப்பு வாங்கி, பிறகு ஒரே ஒரு நாள் அவர்களை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போகக் கேட்டபோது பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். நேரடியாகக் கேட்டபோது இசைந்தவர்கள் 17 சதவீதந்தான். முழுக் கடலைக் கேட்டு ஒரு கோப்பை வாங்குவது நம்மவருக்கு அவர்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காரணம் சொல்லும் முறை பற்றிச் சுருக்கமாக. ஏன் பைக் என்று கேட்டால் வரும் விடை: “ஒரு வேலையாப் போகணும்.” இதில் பொருள் ஏதும் இல்லை என்று அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. 1978இல் எலன் லாங்கர் குழுவினர் நகலெடுக்கும் இயந்திரத்தை நெருங்கியவர்களிடம், தன்னை முன்னே விடும்படி கேட்க ஆளை விட்டார்கள். சும்மா கேட்டவருக்கு நூற்றுக்கு 60 பேர் வழிவிட்டார்கள். “நகல் எடுக்க வேண்டும், அதனால்” என்று உள்ளீடில்லாத காரணம் சொன்னவருக்கு 93. உண்மையிலேயே அவசரம் என்றவருக்கு 94. கேட்ட பக்கங்கள் ஐந்தே என்பது உண்மைதான். பக்கம் கூடியபோது வெற்றுக் காரணம் பலிக்கவில்லை. ஆகவே வண்ணாத்திவில்லுக்கு “ஒரு வேலை” போதும், சிலாபத்துக்கு ஒரு மரணமாவது வேண்டும் என்பது பெற்றாம்.

சாம தான பேத தண்டங்களில் சாமம் பைக்கைப் புகழ்வது. தானம் களப்பு இறால். சொப்பிங் பையோடு ஆள் படலையைத் திறக்கும்போதே வீட்டம்மா “சாவிய ஒளிங்க” என்பார், ஆனால் இறாலை வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் என்பார். பேதம், “அவர்ட பைக்ல பிரேக் பிடிக்கிறதில்ல, உங்கட மாதிரி வருமா” என்பது. தண்டம், வயதான தாயைப் பின்சீட்டுக்குத் தயாராக வேலியோரம் நிறுத்திவிட்டுக் கேட்பது. அதற்கு மாற்றுமருந்து இல்லை.

உடைமையாளர் தரப்பு வாதங்கள் பெரும்பாலும் சோர்ந்தவை. டயர் காற்றுப் போயிருக்கிறது என்பார்; கேட்பவர் பம்ப் கொண்டுவந்திருப்பார். வரலாற்றில் ஒரேயொரு முறைதான் அவர்கள் கை ஓங்கியது. 2022 ஜூலையில் எரிபொருள் பஞ்சத்துக்கு அரசாங்கம் கியூஆர் அட்டை கொண்டுவந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் என்று அளந்தது. “கியூஆர் முடிஞ்சுது தம்பி” என்ற மூன்று சொல்லுக்கு முன் சாமமும் இறாலும் தோற்றன. நட்பு கெடாமல், பொய்யும் சொல்லாமல், கவலையான முகத்தோடு மறுக்க முடிந்த பொற்காலம் அது. 2023 செப்டெம்பரில் பங்கீடு நீங்கியபோது நாடு பெருமூச்சு விட்டது. பைக்காரர்கள் விட்ட பெருமூச்சு வேறு வகை.

இரவலின் பிற்பகுதி, திருப்பித் தராமை. இத்துறையில் எலுவன்குளம் பிற ஊர்களுக்குக் கிட்டாத இரு கொடைகள் உடையது. ஒன்று ஆனை. “வழியில ஆனை நின்டது” என்பவரை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. நம்பாதவர் இருட்டில் போய்ப் பார்த்துவரலாம். மற்றது ஓயா. மாரியில் ராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் கலா ஓயா பெருகிச் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போகும். அக்கரையில் மாட்டிக்கொண்டேன் என்பது அப்போது அசைக்க முடியாத சாட்சியம். புத்தளத்துக்குப் போனவர் எப்படி அக்கரையில் மாட்டினார் என்று கேட்பது ஆய்வாளன் வேலை; அயலவன் வேலை இல்லை.

இனி மைய வினா. ஹெல்மெட் கேட்ட கணத்திலேயே எல்லாம் விளங்கிவிட்ட அண்ணன் ஏன் சாவியைக் கொடுக்கிறார்? பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னை வெறுத்த ஒரு சட்டமன்றத்தாரிடம் அரிய புத்தகமொன்றை இரவல் கேட்டு வாங்கி, அவரை ஆயுள்கால நண்பராக்கிக்கொண்டதைச் சுயசரிதையில் சொல்கிறார். கொடுத்தவனுக்கு வாங்கினவன்மேல் பிரியம் வருமாம். பிராங்க்ளின் அதை ஒரு கிழமையில் திருப்பிக் கொடுத்தார் என்பதை நம்மவர் கவனிக்க. ஆனால் எலுவன்குளத்தில் நடப்பது இதைவிட நுட்பம். நேரே கேட்டு நேரே மறுத்தால் நாளைக்குக் கடையடியில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க முடியாது. ஹெல்மெட்டைக் கேட்டால், “ஹெல்மெட் இல்ல தம்பி” என்று சொல்லிப் பைக்கையே மறுத்துவிடலாம். இருவருக்கும் மானம் போகாது. சுற்றிவளைப்பு என்று நாம் சிரிப்பது மறுப்பவருக்குத் திறந்துவைத்த கதவு. அண்ணன் அந்தக் கதவால் வெளியேறாமல் நின்றார் என்றால், அடுத்த மாதம் மகள் கலியாணத்துக்குப் பந்தல் போட ஆள் வேண்டும் என்பதுதான் காரணம்.

அந்தக் கதவை அடைத்துவிட்டுக் கேட்பதற்குத்தான் சூழ்ச்சி என்று பெயர். நுண்கடன் கொம்பனிகள் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று அயலவர் முகத்தையே பிணையாக வைத்தார்கள். 2018இல் அரசாங்கம் 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையான அத்தகைய கடன்களை ரத்துச்செய்யத் திட்டம் போடும் அளவுக்கு அது போயிற்று. அங்கே ஹெல்மெட் இல்லை என்று சொல்ல வழியில்லை.

பைக் கொடுப்போருக்கு ஒரு வேண்டுகோள். சாவியோடு இன்சூரன்ஸ் கடதாசியையும் கொடுத்துவிடுங்கள். வழியில் பொலிஸ் மறித்தால் ஆனைக் கதை அங்கே எடுபடாது.