சவுண்டு சார்

கணினிப் பழுதுகளை அவை மனிதரிடம் எழுப்பும் உணர்ச்சியைக் கொண்டு வகைப்படுத்த யாரேனும் முற்பட்டால், இயக்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் ஒலி வராமற்போகும் பழுதுக்குத் தனி அதிகாரமே ஒதுக்க வேண்டியிருக்கும். திரை இருண்டுவிட்டால் இயந்திரம் படுத்துவிட்டது என்பது குழந்தைக்கும் புரிகிறது. இணையம் நின்றால் கேபிள்காரரைத் திட்டி ஆறிக்கொள்ளலாம். ஆனால் படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, குரல் மட்டும் இல்லை என்னும் நிலையில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஏககாலத்தில் நிபுணர்களாகிவிடுகிறார்கள். அந்த நிபுணர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் உள்ளே நுழையும் ஒரு மனித வகை திருவனந்தபுரத்தில் உண்டு. அரசாணைகளில் அவர் பெயர் பள்ளித் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர், சுருக்கமாக எஸ்.ஐ.டி.சி.; ஆசிரியர் அறையிலும் பிள்ளைகள் வாயிலும் அவர் சவுண்டு சார்.

இந்த வகை எல்லா மண்ணிலும் முளைப்பதில்லை. 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் இந்நகருக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கட்டற்ற மென்பொருள் என்பது யாரும் திறந்து பார்க்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருள். ஏறக்குறைய அதே காலத்தில் கேரள அரசு தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு குனு/லினக்ஸ் பதிப்பை உருவாக்கியது. 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருமாறிப் பூஜப்புரையிலிருந்து இயங்கலாயிற்று. அதன் வழியாக 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் யு.எஸ்.பி. ஸ்பீக்கரும் போய்ச் சேர்ந்தன. திருத்தும் உரிமை இவ்வளவு தாராளமாக வழங்கப்பட்ட இடத்தில் திருத்தும் கடமை யாராவது ஒருவர் தலையில் விழுந்தே ஆகவேண்டும் என்பதால், வேதியியலோ சமூக அறிவியலோ நடத்தப் பணிக்கு வந்த ஓர் அப்பாவியின் தலையில் அது விழுந்தது. அவர் அதைச் சுமையாக எண்ணினார் என்று சொல்லுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

புற அடையாளங்களால் அவரைக் கண்டுபிடிப்பது எளிது. சாவிக்கொத்தில் சாவிகளைவிடப் பென் டிரைவ்கள் அதிகம் தொங்கும். சட்டைப் பையில் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் பழைய இயர்போன் ஒன்று, சோதனைக் கருவியாக, எப்போதும் சுருண்டு கிடக்கும். வட கேரளத்தில் ஆசிரியரை ‘மாஷே’ என்று விளிப்பார்கள், இங்கே ‘சாரே’. தமிழ்வழி வகுப்புகள் உள்ள பள்ளிகளில் அந்த ஏகாரம் உதிர்ந்து வெறும் ‘சார்’ ஆனாலும், விளிக்கும் குரலில் இருக்கும் பதற்றம் இருமொழிக்கும் பொது.

“சார், எட்டு பி-ல சவுண்டு வரல. டீச்சர் உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

இந்தச் செய்தி வந்ததும் அவர் உடனே எழுந்துவிடுவதில்லை. எழுந்தால் நோய் சிறியது என்று பொருள்படும். “நேத்து அப்டேட் போட்டது யாரு?” என்பதே அவருடைய முதல் வினா. இவ்வினாவுக்கு இன்றுவரை எந்தப் பள்ளியிலும் எவரும் விடையளித்ததில்லை. அப்டேட்டுகள் யாவும் மழையைப் போலத் தாமே பெய்துவிட்டுப் போவதாகத்தான் ஆசிரியர் அறைகளில் பொதுக்கருத்து நிலவுகிறது. வகுப்பை அடையும்போது உயிரியல் டீச்சர், “சார், நான் ஒண்ணுமே தொடல” என்பார். தொடாமலேயே கெட்டுப்போன இயந்திரங்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், மனிதக் கை படுவதுதான் கணினிகளைக் காப்பாற்றி வருகிறது என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கும்.

இனி அவர் செய்வதைப் புரிந்துகொள்ள, லினக்ஸில் ஒலி கடந்து வரும் அடுக்குகளைச் சற்று அறிந்திருப்பது நலம். அடியில் இருப்பது கர்னல், அதாவது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருளுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் கரு நிரல். அதற்குள் ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசும் பகுதி அல்சா. 1998-இல் யாரோஸ்லாவ் கிசேலா தொடங்கிய திட்டம் அது. அதற்கு மேலே, பல செயலிகள் ஒரே நேரத்தில் ஒலி எழுப்ப விரும்பினால் அவற்றைக் கலந்து, எந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் இடைநிலை அதிகாரி பல்ஸ்ஆடியோ. 2008 ஏப்ரலில் வெளியான உபுண்டு 8.04 பல்ஸ்ஆடியோவை ஏற்றுக்கொண்டபோது பலருடைய கணினிகள் ஊமையாயின. சவுண்டு சார்களின் மூத்த தலைமுறை அந்த ஆண்டில்தான் வயதுக்கு வந்தது. புதுப்பித்தலின்போது இந்த அடுக்குகளில் ஏதேனும் ஒன்று மாறி, மற்றொன்று பழைய ஏற்பாட்டையே நம்பிக்கொண்டிருந்தால், ஒலி நடுவழியில் நின்றுவிடுகிறது. அமைப்புப் பலகையில் ஸ்பீக்கரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்ற இரண்டு சொற்கள் தோன்றுகின்றன. ஒலி அட்டை எதுவும் கண்ணில் படவில்லை, ஆகவே இல்லாத ஒன்றுக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று இயந்திரம் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் வாசகம் இது.

சவுண்டு சார் டெர்மினலைத் திறக்கிறார். டெர்மினல் என்பது சுட்டியால் சொடுக்காமல் கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் கருப்புச் சாளரம். அது திறந்தவுடன் வகுப்பின் கடைசி வரிசை எழுந்து நிற்கும். அல்சாமிக்ஸர் என்ற கட்டளையை அவர் அடித்ததும், ஒலியளவைக் காட்டும் செங்குத்துப் பட்டைகள் வரிசையாக எழுகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு பெட்டி. அதில் ‘ஓ ஓ’ என்று இருந்தால் வாய் திறந்திருக்கிறது, ‘எம் எம்’ என்று இருந்தால் மூடியிருக்கிறது. அம்புக்குறி விசையால் நகர்ந்து, மூடியிருக்கும் பட்டையில் நின்று, எம் விசையை ஒருமுறை தட்டினால் திறந்துகொள்ளும். புதுப்பித்தலுக்குப் பின் வரும் ஊமைத்தனங்களில் கணிசமானவை இந்த ஒரு தட்டலில் தீர்ந்துவிடும். சவுண்டு சார் இதை நன்கு அறிவார். அறிந்தே அதைக் கடைசியில் செய்கிறார். ஒரு விசையைத் தட்டிவிட்டுப் போவதற்காகவா ஒன்பதாம் வகுப்பின் அமில கார வினைகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது?

ஆகவே அவர் முதலில் பல்ஸ்ஆடியோவைக் கொல்லுகிறார். கொல்லுதல் என்பது அத்துறையின் கலைச்சொல். கொல்லப்பட்டது சில விநாடிகளில் தானே உயிர்த்தெழும். பிறகு கணினியை அணைத்துப் போட்டு, தொடக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து, பழையதில் ஒலி வருகிறதா என்று பார்க்கிறார். உபுண்டு புதிய கர்னலை நிறுவும்போது பழையதைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பதால் இது இயலுகிறது. நோயைக் கர்னலுக்கு உள்ளே, வெளியே என்று பிரிக்கும் இந்தச் சோதனை உண்மையிலேயே சிறந்தது. நகரத்துப் பெரிய கணினிக் கடைகளில் பலர் இதைச் செய்வதில்லை. அதற்குப் பிறகுதான் அவர் இயர்போனை உருவுவார். ஒலிச் சில்லு தன் துளையில் ஹெட்போன் செருகப்பட்டிருப்பதாக உணர்ந்தால் மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரைத் தானாகவே அடைத்துவிடும். துளைக்குள் அழுக்கோ துருவோ படிந்தால், செருகாத ஹெட்போனும் செருகியதாகவே கணக்கில் வரும். இயர்போனைச் செருகி, உருவி, ஊதி, மறுபடியும் செருகும் அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்கும் பாக்கியம் பெற்ற பிள்ளைகள், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களைப் பிற்காலத்தில் கண்டு வியப்பதில்லை.

இவை எதிலும் பிடிபடாத நோய்க்கு ஒரு கோப்பு இருக்கிறது. அல்சாவின் அமைப்புகளை எழுதிவைக்கும் அந்தக் கோப்பின் கடைசி வரியில், ஒலி அட்டையின் மாதிரியைக் குறிப்பிடும் ஒரு தொடரைச் சேர்த்தால் சில கணினிகளில் ஒலி திரும்பும் என்பது உண்மை. எந்தக் கணினிகளில் என்பதுதான் கேள்வி. உபுண்டு 14.04 காலத்தில் ஒருவர் ஒரு வரி சேர்த்தார், 18.04 வந்தபோது அவருக்குப் பின்வந்தவர் அதை அழிக்க அஞ்சி, முன்னால் ஒரு குறியிட்டு முடக்கிவிட்டுக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். பயிற்சி வகுப்பில் கேட்டு எழுதிவந்த மூன்றாவது வரியை யார் சேர்த்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இவற்றுள் மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று பிரித்துக்காட்ட உ.வே.சாமிநாதையர்தான் வரவேண்டும். சவுண்டு சார் எதையும் அழிப்பதில்லை. நான்காவது வரியைச் சேர்க்கிறார்.

இவ்வளவும் நடந்து பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயரும். 2018-இல் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் கணினி மன்றத்தின் உறுப்பினருடைய கை அது. “சார், சவுண்டு மேலேர்ந்து வருது.” எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எச்.டி.எம்.ஐ. என்னும் வடம் படத்தோடு ஒலியையும் சேர்த்தே கொண்டுசெல்லக்கூடியது. புதுப்பித்தலுக்குப் பின் இயக்குதளம், மேசைமேல் உள்ள ஸ்பீக்கரை மறந்து, அந்த வடத்தையே ஒலியின் வழியாகத் தேர்ந்துகொண்டிருக்கிறது. ஒலி காலையிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது: கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் வயிற்றுக்குள் உள்ள சிறு ஸ்பீக்கரிலிருந்து, அதைக் குளிர்விக்கும் மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில், இருதயத்தின் நான்கு அறைகளைப் பற்றிய விளக்கம் முழுவதும் நடந்து முடிந்துவிட்டது.

அமைப்புப் பலகையில் வெளியீட்டுக் கருவியை மாற்ற ஒரே ஒரு சொடுக்கு போதும். மாணவி அதைச் செய்கிறாள். இந்தக் கட்டத்தில் இவ்வகை மனிதரின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. அவர் வெட்கப்படுவதில்லை, “அதத்தான் நானும் கடைசியாப் பாக்கலாம்னு வச்சிருந்தேன்” என்கிறார். அவளுக்கு மன்றத்தில் பெயர் ஏறுகிறது; அவருக்குக் கோப்பில் வரி ஏறியிருக்கிறது. அவருடைய நான்காவது வரிதான் ஒலியை வரவழைத்தது என்றும், அந்தப் பெண் அதற்கு வழி மட்டும் காட்டினாள் என்றும் ஆசிரியர் அறையில் அவர் விளக்கும்போது, மறுத்துப் பேசும் கல்வித்தகுதி அங்கே யாருக்கும் இருப்பதில்லை.

மாலையில் அவருடைய ஆட்சிப்பரப்பு மாறுகிறது. குடியிருப்போர் சங்கங்கள் மிகுந்த இந்த நகரத்தில், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒரே ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்’ என்ற முறையில் அவர் விண்டோஸ் நாட்டுக்குள்ளும் போகவேண்டியிருக்கிறது. கரமனையில் ஏ.ஜி. அலுவலகத்தில் ஓய்வுபெற்ற மாமா ஒருவர், அமெரிக்காவிலிருந்து பேசும் பேத்தியின் வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். சாலைக் கடைத்தெருவில் அண்ணாச்சியின் மடிக்கணினி, விடியற்காலையில் கல்லாவுக்குப் பாடவேண்டிய பக்திப் பாடலைப் பாட மறுத்திருக்கும். “ராத்திரி அதுவே ஏதோ சுத்திட்டே இருந்துச்சு தம்பி, அணைக்காதேன்னு போட்டிருந்துச்சு, நான் அணைக்கல” என்று அண்ணாச்சி சாட்சியம் சொல்லுவார். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 கணினிகளுக்கு இன்டெல்லின் ஒலி இயக்கி ஒன்று, அதாவது ஒலிச் சில்லை இயக்குதளத்துக்கு அறிமுகப்படுத்தும் சிறு நிரல், தவறுதலாக அனுப்பப்பட்டுப் பலருடைய ஒலி போனதையும், 2024 இறுதியில் டிராக் என்ற ஒலி மேம்பாட்டு மென்பொருள் உள்ள கணினிகளுக்கு விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை மைக்ரோசாஃப்டே நிறுத்திவைத்ததையும் சவுண்டு சார் இந்த இடத்தில் எடுத்துரைப்பார். இயக்கியைப் பழைய பதிப்புக்குத் திருப்பும் வேலை அவருக்குச் சில நிமிடம்தான். மூடிய மென்பொருளில் மனிதன் எவ்வளவு அடிமை என்னும் சொற்பொழிவுக்கு முக்கால் மணி நேரம். மாமா காபி கொடுத்துக் கேட்டுக்கொள்ளுவார். அண்ணாச்சிக்கு அவகாசம் இருக்காது. நேந்திரங்காய் உப்பேரி ஒரு பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்பிவைப்பார். பணம் வாங்கும் வழக்கம் இவ்வகையில் இல்லை. வாங்கினால் சொற்பொழிவாற்றும் உரிமை போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவர்கள் இப்போது அடுத்த யுகத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். பள்ளிகளுக்கான பதிப்பு உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒலியின் இடைநிலை அதிகாரி இன்னமும் பல்ஸ்ஆடியோதான். ஆனால் 2022 அக்டோபரில் வெளியான உபுண்டு 22.10 முதல் அந்தப் பதவி, விம் டாய்மன்ஸ் உருவாக்கிய பைப்வயருக்குப் போய்விட்டது. அடுத்த முறை பள்ளிப் பதிப்பு மாறும்போது அதுவும் கூடவே வரும். பைப்வயர் வந்தால் ஒலித் தொந்தரவு ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று சவுண்டு சார் ஆசிரியர் அறையில் அறிவிக்கிறார். பல்ஸ்ஆடியோ வந்தபோதும் இதையேதான் சொன்னதாகக் கணக்கு டீச்சர் நினைவூட்டுகிறார். பைப்வயர் பழைய செயலிகளிடம் பல்ஸ்ஆடியோவைப் போலவே பேசக்கூடியது, ஆகவே எந்தச் செயலிக்கும் மாற்றம் நடந்ததே தெரியாது என்று அவர் பொறுமையாக விளக்குகிறார்.

“அப்போ தகராறும் அதே மாதிரியே பண்ணுமா சாரே?”

இந்தக் கேள்வி அவருக்கு மிகவும் பிடித்துப்போகிறது. கோடை விடுமுறையில் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டுத் தலைமையாசிரியருக்கு அன்றே விண்ணப்பம் எழுதுகிறார். ஸ்டாக் ரெஜிஸ்டரில் கையெழுத்திடும்போது, ‘நிலை’ என்ற பத்தியில் ‘நன்று, ஒலி உட்பட’ என்று தம் கைப்பட எழுதிக்கொள்கிறார்.