'டேட்டாவைப் பெறும்'

ஏஐ முகவரின் (ஏஜென்ட்) கண்ணுக்கு அது அழைக்கும் கருவியின் நிரல் தெரியாது. பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் இவை மட்டுமே தெரியும். மாடல் இப்படிக் கருவிகளை அழைக்க வழிசெய்யும் ஃபங்ஷன் காலிங்கை ஓபன்ஏஐ 2023 ஜூனில் வெளியிட்டதிலிருந்து இந்த விளக்கத்தை எழுதும் வேலை நிரலாளர் தலையில் வந்து விழுந்தது. ஆவணம் எழுதச் சொன்னாலே 'அடுத்த வாரம்' என்று நழுவிய கூட்டம் அது. அவர்கள் கைவண்ணம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: பெயர் 'கெட் டேட்டா', விளக்கம் 'டேட்டாவைப் பெறும்'. எந்த டேட்டா, யாருடையது, எப்போது அழைக்கக் கூடாது என்பதெல்லாம் எழுதியவருக்குத் தெரியும், அது போதுமாம். பக்கத்திலேயே 'ஃபெட்ச் டேட்டா' என்று இன்னொன்று நிற்கும். முகவர் சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

வெறுமனே 'தேதி' என்று கேட்கும் உள்ளீடு தனி ரகம். 03/04/2025 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, இந்தியாவில் ஏப்ரல் 3. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 வடிவம் 1988 முதல் இருக்கிறது. அதைக் குறிப்பிட அரை வரி போதும். அந்த அரை வரிதான் இருக்காது. விளைவு, பயண டிக்கெட் வேறு மாதத்துக்குப் பதிவாகும். சில சமயம் 'ஏதோ தவறு' என்ற பிழைச் செய்தி மட்டும் வரும். முகவர் அதே அழைப்பை மறுபடி மறுபடி அனுப்பும். ஒவ்வொரு முறைக்கும் டோக்கன் கட்டணம் உண்டு.