கழற்றினால்தான் தெரியும்

ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஒரு பையனின் பொம்மை ஹெலிகாப்டர் மக்கர் செய்கிறது என்றால், சேதி அப்பாவுக்குப் போகும் முன்பே அவருக்குப் போய்விடும். பெயர் வேண்டாம், தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் ரிட்டயர்டு. கட்டம்போட்ட லுங்கி, பனியன், காதில் சொருகிய டெஸ்டர். தேவையில்லாமல் எதையும் கழற்ற மாட்டார். தேவையில்லை என்று அவருக்கு எப்போதும் தோன்றியதில்லை.

“இன்னாடா கோளாறு?”

“மேல போனா தன்னால கிர்ருனு சுத்துது தாத்தா.”

“வால்தான். கொண்டா இங்க.”

ரயிலேறிச் சென்னைப் பக்கம் போனால் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம், ஹெலிகாப்டர் ஓட்டப் பழக்குகிற இடம். பெங்களூர்ப் பக்கம் போனால் ஹெலிகாப்டர் செய்கிற எச்.ஏ.எல். இரண்டுக்கும் நடுவே குடியிருக்கிற தனக்கு விஷயம் தெரியாமல் இருக்க வழியே இல்லை என்பது அவர் கட்சி. பாதி சரிதான். மேல் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. அதை வால் விசிறி பிடித்து நிறுத்தும். 1939இல் சிகோர்ஸ்கி எழுப்பிய வி.எஸ்.300 முதல் நம் கடற்படையின் சேத்தக் வரை இதே ஏற்பாடு.

பையன் கையில் இருப்பது வேறு ரகம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, எதிரெதிராகச் சுற்றி ஒன்றையொன்று ஈடுகட்டும். கடற்படையிடம் இருக்கும் காமோவும் இப்படித்தான். வால் விசிறியே கிடையாது. பொம்மையின் வாலில் படுத்த வாக்கில் இருக்கும் குட்டி விசிறி முன்னே பின்னே போகத்தான். ஆகவே சுற்றுகிறது என்றால் இரண்டு அடுக்கில் ஒன்று சுணங்குகிறது. தண்டில் தலைமுடி சிக்கியிருக்கும், பல்சக்கரம் வழுக்கும், மோட்டார் தேய்ந்திருக்கும். இல்லாவிட்டால் உடம்பு திரும்புவதை உணர்கிற ஜைரோ குழம்பியிருக்கும்: சுவிட்சைப் போட்டதும் சில நொடி சமதரையில் ஆடாமல் வைக்க வேண்டும்.

பையன் இதைச் சொல்லிப் பார்த்தான். பெட்டியில் வந்த தாளையும் நீட்டினான். தாள் படிப்பதெல்லாம் தொழில் தெரியாதவன் வேலையாம்.

சாயங்காலத்துக்குள் திண்ணை முழுக்க ஹெலிகாப்டர். கழற்றும்போது ஒடிந்த இறக்கைக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்யூஷன் கேட்டு வாங்கினார். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற சரக்கு, பிடிப்பு அபாரம். ஒரு இறக்கை மட்டும் கனத்துப்போனதில் ஹெலிகாப்டருக்குக் குளிர்ஜுரம் வந்தமாதிரி நடுக்கம். பிறகு மறுபடி கழற்றி, மேலடுக்கு இறக்கையைக் கீழேயும் கீழடுக்கை மேலேயும் மாட்டினார். இப்போது எழும்பவே இல்லை.

“பாத்தியா, சுத்தறது நின்னுபோச்சு!”

மூன்று திருகாணி மிச்சம். “கம்பெனிக்காரன் அதிகப்படியா போட்டு வெச்சிருக்கான்” என்று லுங்கி மடியில் முடிந்துகொண்டார். உள்ளேயிருந்து பாட்டி, “மிக்சியும் இப்படித்தான் போச்சு” என்றாள். அவருக்கு அந்தக் காது கேட்காது.

பெற்றோர்களே, முதலில் முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். தண்டில் முடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சமதரையில் வைத்து சுவிட்ச் போடுங்கள். பிறகு ரிமோட்டில் டிரிம் என்று ஒரு குமிழ் இருக்கும். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மோட்டாரை மாற்றுங்கள். இதற்குள் பெரியவர் வந்துவிட்டால், ஓடாத பழைய ரேடியோ ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள்.