லினக்ஸ் சித்தப்பா

ரிச்சி ஸ்ட்ரீட் கடைப் பையனுக்கு விவரம் போதாது. எஸ்எஸ்டியைக் கவரில் போட்டபடி, "ஓஎஸ் போட்டுத் தரட்டா சார்?" என்று கேட்டுவிட்டான். கருவறைக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாக்கிச் சில்லறையைக்கூட எண்ணாமல் நடையைக் கட்டினார் சித்தப்பா.

இவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சில வீடுகளில் தாய்மாமன், சில வீடுகளில் கல்யாணமாகாத அண்ணன். உபுண்டுவை அரை மணி நேரத்தில் புதிதாகப் போட்டுவிடலாம் என்பது இவருக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் விண்டோஸ்காரன் பிழைப்பு. பல வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய சிஸ்டம், எதற்கு எழுதினோம் என்று அவருக்கே மறந்துபோன ஸ்கிரிப்ட்கள் உட்பட, அலுங்காமல் புது டிஸ்கில் போய் உட்கார வேண்டும்.

ஞாயிறு காலை பட்டிமன்றம்: நகலெடுக்க டிடியா, ஆர்சிங்கா? இரண்டு அணிக்கும் அவரே பேச்சாளர். டிடி காலி இடத்தையும் விடாது. ஒரு டெராபைட் பழைய டிஸ்க் என்றால் மூன்று மணி நேரம் ஆகும். எது மூலம், எது நகல் என்று மாற்றிச் சொல்லிவிட்டால், புது டிஸ்கின் வெறுமையைப் பழையதன் தலையில் எழுதிவிட்டுத்தான் ஓயும். 'நிஜமாவா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. ஆகவே ஆர்சிங்க். ப்ராக், சிஸ் இரண்டிலும் இருப்பவை நிஜக் கோப்புகளே அல்ல, கர்னல் காட்டும் மாயத் தோற்றம், அவற்றை நகலெடுக்கக் கூடாது என்று காபி கொண்டுவந்த சித்திக்கு விளக்கினார்.

"ஈபி பில்லுக்கு இன்னிக்குத்தாங்க கடைசி நாள்."

"பத்து நிமிஷம்மா."

மத்தியானம் மறுபடி பூட் செய்தார். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்துவிட்டது. சித்தப்பாவின் முகம் வாடிப்போனது. இவ்வளவுதானா? சந்தேகத்தோடு எல்எஸ்பிஎல்கே அடித்துப் பார்த்தார். ஆகா, பழைய டிஸ்கிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது! பழையதைக் கழற்றிவிட்டுப் போட்டால் கறுப்புத் திரை, ரூட்டைக் காணோம் என்ற புலம்பல். அவருக்கு உயிர் வந்தது. க்ரப்பிலும் எஃப்எஸ்டேபிலும் இன்னும் பழைய டிஸ்கின் யூயூஐடிதான். லைவ் பென் டிரைவ், சிஹெச்ரூட், க்ரப் மறுநிறுவல் என்று சாயங்காலம் வரை அந்த அறையிலிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. அவசரத்துக்கு யார் கூப்பிட்டாலும், ஊரின் அடுத்த கோடிக்கே ஆனாலும், இதே உற்சாகத்தோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறவர்தான். காசு வாங்க மாட்டார். கேட்பதற்கு ஒரு காது இருந்தால் போதும்.

ஏழு மணிக்கு வெற்றி. எட்டு விநாடியில் பூட் ஆவதைக் காட்டச் சித்தியைக் கூப்பிட்டார். பில்லை எப்போதோ செல்போனிலேயே கட்டி முடித்திருந்த சித்தி, மரியாதைக்கு எட்டிப் பார்த்தார்.

"நம்ம கல்யாண போட்டோல்லாம் எங்கங்க?"

சித்தப்பா ஒரு கணம் யோசித்தார். ஆர்சிங்குக்கு எக்ஸ் கொடுத்திருந்தார். கொடுத்தால் அது அடுத்த பார்ட்டிஷனுக்குள் கால் வைக்காது. போட்டோக்கள் இருந்தது அடுத்த பார்ட்டிஷனில். கணக்குச் சரியாக வந்ததும் முகமெல்லாம் வெளிச்சம்.

"அது தனி பார்ட்டிஷன்மா! விடு, அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் எல்விஎம்முக்கு மாத்திடறேன்."