பி பக்க மீமாம்சை

உலகத்தில் சான்றோர் ஆராயாமல் விட்டுவைத்த விஷயங்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது, ஒலிநாடாவின் இரண்டாம் பக்கம் எதற்காக ஏற்பட்டது என்னும் வினா. வேதவாக்கியங்களின் பொருளை நிச்சயிக்க மீமாம்சகர் கைக்கொண்ட முறைப்படியே, விஷயம், சம்சயம், பூர்வபக்ஷம், சித்தாந்தம், பிரயோஜனம் என்னும் ஐந்து அங்கங்களோடு, பெரம்பலூர் மாவட்டக் குன்னம் வட்டாரத்துக் கேசட் கடை வழக்கத்தைப் பிரமாணமாகக் கொண்டு, அவ்வினாவை இங்கே பரிசீலிப்போம்.

விஷயமாவது: மேல்நாட்டில் முன்பு, நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறிய இசைத்தட்டின் முகப்பில் விலைபோகும் பாட்டொன்றைப் பதிப்பார்கள்; முதுகை வெறுமையாக விடுவது வியாபார தர்மம் ஆகாதாகையால், அங்கே இன்னொன்றை வைப்பார்கள். முகப்பு ஏ பக்கம், முதுகு பி பக்கம். நீல் டெனன்ட், கிறிஸ் லோ என்னும் இருவர், 1981-ல் லண்டனில் ஒரு மின்னணுச் சாமான் கடையில் சந்தித்து, பெட் ஷாப் பாய்ஸ் என்ற நாமத்தோடு சிந்தசைசர் இசையில் கீர்த்தி பெற்றவர்கள், இவ்விதம் முதுகிலே பிறந்த பாட்டுகள் முப்பதைத் திரட்டி, 1995-ல் 'ஆல்டர்நேட்டிவ்' என்ற பெயரில் இரண்டு வட்டுகளாக வெளியிட்டார்கள். 2012-ல் 'ஃபார்மட்' என்று மேலும் 38 உபரிப் பாட்டுகளைத் தந்தார்கள். ஆக 68, நம் நாயன்மார் தொகையையும் விஞ்சிவிட்டது.

சம்சயமாவது: இத்தகைய முதுகுப் பாட்டு ஜாதி தமிழ்நாட்டிலும் உண்டா, இல்லையா என்பது.

இல்லை என்பார் பூர்வபக்ஷிகள். அவர்கள் கூறும் நியாயம் இது: நம் பாட்டுகளெல்லாம் சினிமாவின் வயிற்றிலே பிறந்தவை, நாற்பாட்டுச் சிறு தட்டானாலும் பெருந்தட்டானாலும் இரு பக்கத்துக்கும் தாய் ஒருத்தியே, ஆகவே மூத்தாள் மகன், இளையாள் மகன் என்ற பேதத்துக்கு இங்கே இடமில்லை. இதற்கு மாறாக நாம் காட்டும் திருஷ்டாந்தத்தை அவர்கள் விழுங்கவும் மாட்டாமல் உமிழவும் மாட்டாமல் தவிப்பதைக் காணலாம்: 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் பெயரில் வெளியான, இளையராஜாவின் 'புத்தம் புது காலை' என்ற பாட்டு, தட்டில் இருந்தது, படத்தில் இல்லை, முப்பத்து மூன்று ஆண்டு தட்டிலேயே தவமிருந்து, 2014-ல் 'மேகா' என்ற வேறொரு படத்தில் திரையேறிற்று.

இனிச் சித்தாந்தம். மிச்ச இடத்தை நிரப்புவதாகிய, மேல்நாட்டில் கம்பெனி செய்த காரியத்தை நம் சீமையில் கேசட் கடைக்காரர் செய்தார். கிராமத்தார் வேண்டிய பாட்டுகளை எழுதிய சீட்டோடு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஐந்து பாட்டை நாலரை நிமிஷம் வீதம் பதிந்தபின் ஏழரை நிமிஷ நாடா சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் நாடாவுக்கும் காசு வாங்கியாயிற்றே என்ற மனச்சாட்சி உறுத்த, சரணத்தின் நடுவே அறுந்துபோகாத அளவுள்ள பாட்டொன்றைக் கடைக்காரர் தம் சித்தப்படி தேடிக் கோப்பார். சீட்டில் பெரும்பாலும் இளையராஜாவே நிறைந்திருந்த அந்த 1986, 87, 88-ஆம் ஆண்டுகளில், இந்த ஒண்டுக்குடித்தனத்துக்கு வாகாய் அகப்பட்டவர்கள் மனோஜ்–கியான் என்னும் இரட்டையர்: 'ஊமை விழிகள்', 'உழவன் மகன்', 'செந்தூரப் பூவே' என மூன்று விஜயகாந்த் படங்களுக்கு இசையமைத்த வடநாட்டவர். சிந்தசைசரே கதியென்று இருந்தவர்கள் அல்லர். எனினும் இருவர் என்ற அளவில் லண்டன் ஜோடிக்கு ஒப்பாவர். முழு ஒப்புமையைச் சாஸ்திரம் கேட்பதில்லை. கேளாமல் வந்த அப்பாட்டைத் தாண்டிப் போவதற்குப் பொத்தானை அமுக்கி, சுற்றவிட்டு, நிறுத்தி, தவறி, மீண்டும் சுற்றவேண்டும் என்ற சோம்பலால், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர்கள் நாளடைவில் அதற்கே அடிமையானார்கள். ஆகவே விருப்பத்தால் விளைந்தது ஏ பக்கம். வழக்கத்தால் விளைந்தது பி பக்கம்.

இதனினும் வலிய பிரமாணம் கேசட்டின் நெற்றியிலேயே உள்ளது. பக்கத்துக்கு ஒன்றாக அங்கே இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் உண்டு. ஒன்றை ஒடித்துவிட்டால் அப்பக்கத்தில் மறுபதிவு ஏறாது. ஒடித்த குழியில் செல்லோடேப் ஒட்டினால் மீண்டும் ஏறும். குடும்பத்தார் ஏ பக்கத்துப் பல்லை ஒடித்துக் காப்பார்கள். பி பக்கத்துப் பல்லை விட்டுவைப்பார்கள். விட்டுவைத்த அப்பக்கத்தில் ஒருநாள் ரெக்கார்டரைப் பாயில் வைத்து, குழந்தையின் மழலையையும், அப்பத்தாவின் தாலாட்டையும், இடையே 'பேசு, பேசு, ஓடுது' என்று அதட்டும் மாமனின் குரலையும் பிடித்துவிடுவார்கள். உலகத்தில் ஒரே பிரதி உள்ள இப்பதிவுக்கு முன்னே, லண்டன் கம்பெனியார் அபூர்வம் என்று அச்சிட்டு விற்கும் ஆயிரமாயிரம் பிரதிகள் எம்மாத்திரம்?

மிச்சமே அபூர்வமாகும் என்பதை இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன சிப்பிகளால்தான் அரியலூர் நிலவியலாருக்கு யாத்திரைத் தலமாயிற்று. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் ஓடையில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை, 1940-ல் நிலவியலார் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். கேசட்டுக்கு மட்டும் அத்தகைய கிருஷ்ணன் இன்னும் அவதரிக்கவில்லை.

எஞ்சியது பிரயோஜனம். கைப்பேசியில் பிடிக்காத பாட்டை விரல் நுனியால் தள்ளிவிடும் இக்காலத்தில் இனியொரு பி பக்கம் பிறக்கப்போவதில்லை, பிறந்தவற்றையாவது காப்போம். பரண்மேல் கிடக்கும் கேசட் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன், வாசகர்கள் ஒவ்வொன்றின் நெற்றியையும் பார்ப்பார்களாக. ஒடிபடாத பல் இருக்கும் பக்கத்தை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுக் கேட்டபின் எறிவார்களாக.